மனநல மெடிக்கல் லீவில் வெளியே போகலாமா? குற்ற உணர்வோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மனச்சோர்வுக்கோ பதகளிப்புக்கோ மெடிக்கல் போட்டுவிட்டு வீட்டில் நிற்கிறீர்கள். சில நாள் படுக்கையிலேயே போய்விட்டது. இன்று பின்னேரம் டச்சு பே கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றுகிறது. செருப்பைப் போடும்போதே வயிற்றைப் பிசைகிறது. ஒபிசில் இருந்து யாராவது கண்டால்? 'சுகமில்லை எண்டு லீவு, இஞ்ச வந்து காத்து வாங்கிறா' என்று சொல்லிவிட்டால்? செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பவும் அறைக்குள் போய்விடுகிறீர்கள்.

திருகோணமலை சின்ன ஊர். உவர்மலையில் ஏறினாலும் மத்திய வீதியில் இறங்கினாலும் தெரிந்த முகம் ஒன்று எதிரே வரும், அதனால் இந்தப் பயத்தை வீண் பயம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு அடங்கி வீட்டுக்குள்ளேயே கிடப்பது நோயை இன்னும் ஆழமாக்கும் என்பதை உறுதியாகச் சொல்கிறேன். என்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இந்தக் குற்ற உணர்வு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

நம் வீடுகளில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகாமல் நின்ற பிள்ளை பின்னேரம் விளையாடப் போகக்கூடாது. நாலு மணிக்குக் காய்ச்சல் விட்டிருக்கும், ஒழுங்கையில் மற்றப் பிள்ளைகள் பந்தடிக்கிற சத்தம் கேட்கும், அம்மா கதவடியில் நின்று 'பள்ளிக்கூடம் போக ஏலாது, விளையாட மட்டும் ஏலுமோ?' என்று கேட்பார். காய்ச்சலுக்கு அது நியாயமான கேள்விதான், உடம்புக்கு ஓய்வு வேண்டும், மற்றவர்களுக்குத் தொற்றவும் கூடாது. அந்தச் சட்டத்தை நாங்கள் அப்படியே வளர்ந்த பிறகும் கொண்டு திரிகிறோம். வருத்தம் என்றால் படுத்திருக்க வேண்டும், படுத்திருக்காவிட்டால் வருத்தம் பொய் என்ற கணக்கு.

மனச்சோர்வில் இந்தக் கணக்கு பிழைத்துவிடுகிறது. படுத்துக் கிடப்பது, ஆட்களைத் தவிர்ப்பது, வெயில் படாமல் அறைக்குள் இருப்பது எல்லாம் நோயின் பாதையிலேயே நடக்கிற காரியங்கள். ஒன்றும் செய்யாததால் மனதுக்கு இதமான எதுவும் கிடைப்பதில்லை, கிடைக்காததால் இன்னும் ஒன்றும் செய்யத் தோன்றுவதில்லை. இந்தச் சுற்றை உடைக்கவே சிறு சிறு செயல்களைத் திட்டமிட்டுச் செய்யவைக்கும் சிகிச்சை முறை இருக்கிறது. பீட்டர் லூயின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் இதற்கு அடித்தளம் போட்டார். நீல் ஜேக்கப்சனும் கூட இருந்தவர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் செயல் பகுதியை மட்டும் தனியே கொடுத்தாலும் எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் முழுமையான சிந்தனை நடத்தைச் சிகிச்சைக்கு ஈடான பலன் கிடைத்ததைக் காட்டியது. முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவரை அடுத்த நாளே பிசியோ எழுப்பி நடக்கவைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அவரை யாரும் 'நடக்க ஏலுமெண்டால் வேலைக்குப் போகலாம்தானே' என்று கேட்பதில்லை.

இன்னொரு விசயம். அளவுக்கு மீறிய குற்ற உணர்வு மனச்சோர்வின் அறிகுறிப் பட்டியலிலேயே இருக்கிறது. வைத்தியர்கள் நோயை அடையாளம் காணும்போது தூக்கம், பசி, களைப்போடு சேர்த்து இதையும் கேட்கிறார்கள். ஆகவே கடற்கரைக்குப் போக நினைத்ததற்கே நெஞ்சு குத்தினால், அதை நீங்கள் செய்த குற்றத்துக்கான சாட்சியாக எடுக்காதீர்கள். நோய் இன்னும் முழுதாக விடவில்லை என்பதற்கான அறிகுறியாகவும் அது இருக்கலாம். கிளினிக்கில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வைத்தியரிடம் வாய் திறந்து கேளுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய படி, பலர் செய்யாததும் இதுதான். கிளினிக்கில் சனம் நிறைந்திருக்கும், உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம், மருந்தைப் பற்றிக் கேட்பதற்குள்ளேயே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் முதல் நாள் இரவே ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொண்டு போங்கள். நான் வெளியே நடக்கப் போகலாமா? எவ்வளவு நேரம்? கோயில், கடற்கரை, சொந்தக்காரர் வீடு போகலாமா? மட்டக்களப்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ இரண்டு நாள் போய் நின்றுவிட்டு வரலாமா? மோட்டார் சைக்கிள் ஓடலாமா? கடைசிக் கேள்வியை விடவே விடாதீர்கள், தூக்கம் தரும் மருந்து எடுப்பவர்கள் வண்டி ஓடுவது ஆபத்து.

பதிலை அந்தத் துண்டிலேயே எழுதித் திகதியும் போட்டு வையுங்கள். 'பின்னேரத்தில் நடக்கச் சொன்னவர்' என்று உங்கள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தால் போதும், குற்ற உணர்வு தலைதூக்கும் நேரம் எடுத்துப் பார்க்கலாம். முடிந்தால் நீங்கள் வெளியே நடமாடுவது சிகிச்சையின் பகுதி என்று வைத்தியரையே கிளினிக் கொப்பியில் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சேட்டிபிக்கற்றில் நோயின் பெயர் என்னவென்று எழுதப்படும் என்பதையும் அப்போதே கேளுங்கள். அந்தத் தாள் ஒபிசில் பல மேசைகளைத் தாண்டித்தான் போகும்.

எது உண்மையில் பிழை என்று பிரித்து வையுங்கள்

குற்ற உணர்வு எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். சில விசயங்கள் பிழைதான். பாடசாலைக்கு மெடிக்கல் கொடுத்துவிட்டு வீட்டில் காசுக்கு ரியூசன் வகுப்பு நடத்துவது பிழை. லீவில் நின்றுகொண்டு இன்னொரு இடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்வது பிழை. சுகம் வந்த பிறகும் வைத்தியரிடம் இல்லாத அறிகுறியைச் சொல்லி நாளை நீட்டுவது பிழை. அரச உத்தியோகத்தர் என்றால் நாட்டை விட்டு வெளியே போக வேறாக அனுமதி எடுக்க வேண்டும், அதை மெடிக்கல் லீவுக்குள் ஒளித்துச் செய்ய முடியாது.

இந்தப் பட்டியலில் இல்லாதவற்றைப் பாருங்கள்: நடப்பது, கடலில் கால் நனைப்பது, கோயிலுக்குப் போவது, சந்தையில் மரக்கறி வாங்குவது, பிள்ளையைப் பள்ளியில் இருந்து கூட்டி வருவது, கூட்டாளியோடு ஒரு தேத்தண்ணி குடிப்பது, சிரிப்பது. ஆம், சிரிப்பதும். வெளியே சிரித்ததை யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. மனச்சோர்வு உள்ளவர் அரை மணித்தியாலம் சிரித்துக் கதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று மணித்தியாலம் எழும்ப முடியாமல் கிடப்பார், அந்த மூன்று மணித்தியாலத்தை ஊர் காண்பதில்லை.

லீவு கணக்கையும் தெளிவாக்கிக் கொள்ளுங்கள், ஏனென்றால் தெளிவில்லாத இடத்தில்தான் பயம் வளர்கிறது. அரச சேவையில் இருப்பவர்களுக்கு, அரச உத்தியோக விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின்படி பொதுவாக வருடத்துக்கு 21 நாள் அமய (கஷுவல்) லீவும் 24 நாள் ஓய்வு லீவும் உண்டு, அதற்கு மேலே போனால் எப்படி என்று நிருவாகப் பிரிவில் கேளுங்கள். தனியார் கடை, அலுவலகங்களில் வேலை செய்பவர்களின் நிலை இறுக்கமானது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் சுகவீனத்துக்கும் சொந்த அலுவல்களுக்கும் சேர்த்தே வருடத்துக்கு 7 நாள்தான், வருடாந்த லீவு 14 நாள் அதற்குப் புறம்பு. நீண்ட லீவு உங்கள் நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் முதலாளியின் மனதையும் பொறுத்தது. அப்படியானவர்களுக்கு வரும் பயம் வேலை போய்விடுமோ என்ற பயம், அதைக் குற்ற உணர்வோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். சம்மதித்த லீவு நாட்களை எழுத்தில் வாங்கி வையுங்கள், ஒரு வட்ஸ்அப் செய்தி என்றாலும் அழிக்காமல் வைத்திருங்கள்.

வீட்டு வேலையைத் தண்டமாகக் கட்டாதீர்கள்

இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, ஆனால் பெண்களிடம் நான் திரும்பத் திரும்பக் காண்பது இது. லீவில் நிற்கிற மருமகள், லீவில் நிற்கிற மகள், 'சும்மாதானே இருக்கிறாய்' என்ற ஒரு சொல் வந்தவுடன் விடிய எழும்பி இடியப்பம் அவித்து, சம்பல் அரைத்து, துணி தோய்த்து, பின்னேரம் விருந்தாட்களையும் பார்த்து, வேலைக்குப் போன நாளைவிடக் கூடக் களைத்துப் போய் இருப்பார். யாரும் கேட்காவிட்டாலும் அவரே செய்வார், ஏனென்றால் வீட்டில் நிற்பதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளுக்குள் ஓடுகிறது. அப்புறம் அந்த விலை கொடுத்தால்தான் அரை மணி நேரம் வெளியே போகலாம் என்று ஆகிவிடுகிறது. கடைசியில் வெளியே போகத் தெம்பு இருக்காது.

ஆகவே வெளியே போவதை வேலை முடித்ததற்கான பரிசாக வைக்காதீர்கள். மருந்துக்கு நேரம் குறிப்பது போல முதலில் அதற்கு நேரம் குறியுங்கள், சமையல் அதற்குப் பிறகு. வீட்டாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'அம்மா, டொக்டர் தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கிறார். நான் அஞ்சு மணிக்குப் போய் ஆறு மணிக்கு வந்திடுவன். அந்த நேரம் அடுப்பை நீங்கள் பாருங்கோ.' போகும் நேரமும் வரும் நேரமும் தெரிந்தால் வீட்டில் பாதிப் பேச்சு அடங்கிவிடும். மாமியாரிடம் நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் சொல்வது நல்லது என்றால் அவரையே சொல்லவிடுங்கள், கணவரையும் ஒரு தடவை கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

இடம், நேரம், அளவு

முதல் நாளே டச்சு பேக்குப் பின்னேரம் ஐந்து மணிக்குப் போகாதீர்கள். அந்த நேரம் பாதி ஊர் அங்கேதான் நிற்கும், பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், கச்சான்காரர், வடைக்காரர், உங்கள் பக்கத்து மேசைக்காரரின் குடும்பம் எல்லாரும் இருப்பார்கள். சனக்கூட்டத்தைத் தாங்கும் நிலை வந்த பிறகு அதுவும் நல்லதுதான். ஆனால் தொடக்கம் சின்னதாக இருக்கட்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் உங்கள் ஒழுங்கை முனை வரை. கடைக்குப் போய் ஒரு பாண் வாங்கி வந்தால் அதுவே போதும். அப்புறம் விடியற்காலை. ஆறு மணிக்குப் பிரெட்ரிக் கோட்டை வாசல் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில் நடந்து பாருங்கள். வெயில் ஏறியிருக்காது, மரத்தடிகளில் மான்கள் படுத்திருக்கும். கிட்டப் போனால் ஒன்று தலையை மட்டும் நிமிர்த்தி உங்கள் கையில் பழம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பவும் அசைபோடத் தொடங்கும். உங்களிடம் எந்த விளக்கமும் கேட்காத ஒரு அரை மணித்தியாலம் அது. கோயிலுக்குப் போகிறவரை இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள், தொடக்கத்தில் அது உதவும். ஆனால் கோயிலைச் சாட்டாக மட்டும் வைத்திருக்காதீர்கள், நடக்கப் போனேன் என்று சொல்லவும் பழக வேண்டும்.

தெரிந்த முகமே வேண்டாம் என்றால் உப்புவெளிப் பக்கம் போங்கள். நிலாவெளி வீதியில் இருக்கிற இரண்டாம் உலக யுத்த வீரர்களின் மயானம் அமைதியான இடம், வெட்டிவிட்ட புல்லும் நிழலும் இருக்கும். கடற்கரை வேண்டும் என்றால் வைகாசி முதல் புரட்டாசி வரை கடல் அமைதியாக இருக்கும், அந்த மாதங்களில் உல்லாசப் பயணிகளும் அதிகம் என்பதால் உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றும் மழையும், கடலும் கரடுமுரடு, அப்போது குளிக்க இறங்காதீர்கள். நூலகமும் நல்ல இடம், விசேடமாக மழை நாட்களில்.

பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் போக வேண்டாம். இந்த ஊர் வெயில் சாதாரண ஆளையே சாய்த்துவிடும். சில மனநல மருந்துகள் உடம்பு சூட்டைத் தாங்குவதைக் குறைக்கின்றன, சிலவற்றால் தோல் வெயிலில் எரியும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்கள் வியர்த்துக் கொட்டித் தண்ணீர் குடிக்காமல் விட்டால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும். கடற்கரையில் யாராவது பியர் நீட்டினால் மருந்து எடுக்கிறேன் என்று சொல்லி மறுத்துவிடுங்கள்.

தனியே போகும் பெண்ணைப் பார்த்து ஊர் கதைக்கும் என்பது உண்மை. தங்கையையோ கூட்டாளியையோ கூட்டிப் போங்கள், ஆனால் வழி முழுக்க நோயைப் பற்றியே விசாரிக்கிற ஆளைக் கூட்டிப் போகாதீர்கள்.

மனது வந்தால் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். மனது வராது. நேரம் வந்தால் போங்கள், பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாலும் சரி.

தெரிந்தவர் எதிரே வந்துவிட்டால்

வரத்தான் செய்வார். இரண்டு வசனத்தை முதலே பாடமாக்கி வையுங்கள், அந்த நேரத்தில் நாக்கு தடுமாறும்.

'என்ன மிஸ், சுகமில்லை எண்டு கேள்விப்பட்டன்?'

'ஓம் அக்கா, இன்னும் மருந்து எடுக்கிறன். டொக்டர் நடக்கச் சொன்னவர், அதுதான் வந்தனான். நீங்கள் எப்படி, பிள்ளை சோதனை எழுதிட்டாளோ?'

இவ்வளவுதான். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. கதையை அவர் பக்கம் திருப்பிவிட்டால் பெரும்பாலானவர்கள் பிள்ளையின் சோதனையைப் பற்றித்தான் மிச்ச நேரம் கதைப்பார்கள். கண்டதும் ஒளிந்து மற்றப் பக்கம் போகாதீர்கள், ஒளிந்ததைத்தான் ஆட்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள். 'இப்பதான் ஆஸ்பத்திரியால வாறன்' என்று பொய்யும் சொல்லாதீர்கள், செய்யாத குற்றத்துக்காகச் சொல்லும் பொய் உண்மையான குற்ற உணர்வைக் கொண்டுவந்துவிடும்.

மேலதிகாரியே வந்தால் கொஞ்சம் முறையாக: 'வணக்கம் சேர். சிகிச்சை நடக்குது. வெளியில நடமாடச் சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறார். திகதிக்கு வந்து ரிப்போட் பண்ணுவன்.' அதோடு நிறுத்துங்கள். மன்னிப்புக் கேட்கத் தொடங்காதீர்கள், மன்னிப்புக் கேட்டால் பிழை நடந்ததாக அவரும் நினைப்பார்.

'ஒபிஸ் கலியாணத்துக்கு வர ஏலாது, கடற்கரைக்கு வர ஏலுமோ?' என்றும் ஒரு கேள்வி வரும். ஏலும். கலியாணத்தில் நூறு பேரோடு முகம் கொடுத்து, சேலை கட்டி, படத்துக்கு நின்று, மூன்று மணித்தியாலம் சிரிக்க வேண்டும். கடற்கரையில் பேசாமல் இருக்கலாம், வேண்டும் என்ற நேரம் எழும்பலாம். 'அவ்வளவு நேரம் சனத்துக்குள்ள நிக்க இன்னும் ஏலாது' என்று சொன்னால் விளங்கிறவருக்கு விளங்கும்.

ஃபேஸ்புக்கில் படம் போடலாமா என்று கேட்டால், போடுவதில் குற்றம் இல்லை, ஆனால் லீவு முடியும் வரை போடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். கருத்துகளுக்குப் பதில் சொல்லும் தெம்பை நடப்பதற்கு வைத்திருக்கலாம். கூட வந்தவரிடமும் உங்கள் படத்தைப் போட வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

குற்ற உணர்வு பலருக்கு வெளியே நிற்கும்போது வருவதில்லை, இரவு படுத்த பிறகு வருகிறது. யார் யார் கண்டார்கள், என்ன நினைத்திருப்பார்கள் என்று படம் ஓடும். அதற்கு முன்பே, வந்து கால் கழுவியவுடன் ஒரு கொப்பியில் மூன்று விசயம் எழுதுங்கள்: எங்கே போனேன், போக முன் மனது பத்துக்கு எத்தனை, வந்த பின் எத்தனை. ஒரு கிழமை எழுதினால் எந்த இடம் உங்களுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும், அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியையே கொண்டு போகலாம். வைத்தியருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் கிடைக்காது.

சில நாள் வந்த பின் இலக்கம் குறைந்திருக்கும். அது தோல்வி இல்லை, அளவு கூடிப்போய்விட்டது அல்லது இடம் சரியில்லை. அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

திடீரென்று தூக்கமே தேவைப்படாமல், இரவு பகலாக வெளியே திரிந்து, காசை அள்ளி இறைத்து, பேச்சும் வேகமாகிவிட்டால் அது சுகம் வந்த அடையாளம் என்று வீட்டார் சந்தோசப்படக்கூடாது. மனநிலை மறுபக்கம் எகிறியிருக்கலாம், கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வரும் நாளில் மலை உச்சிக்கோ ஆளில்லாத கரைக்கோ தனியே போகாதீர்கள். ஒருவரிடம் சொல்லிவிட்டு அவரோடு இருங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ், அல்லது நேரே பொது வைத்தியசாலையின் அவசரப் பிரிவு.

வேலைக்குத் திரும்பும் முன்

லீவு முடிய ஒரு கிழமை இருக்கும்போது நடையை ஒபிஸ் பக்கம் திருப்புங்கள். முதல் நாள் வாசலைக் கடந்து போனால் போதும். இன்னொரு நாள் வேலைக்குப் போகிற நேரத்துக்கே குளித்து உடுத்து, அதே பஸ்ஸில் ஏறிப் போய்த் திரும்பி வாருங்கள். நம்பிக்கையான ஒரு சக ஊழியருக்கு முன்கூட்டியே சொல்லி, முதல் நாள் மதியம் அவரோடு சாப்பிடுவதாக ஒழுங்கு செய்யுங்கள், தனியே இருந்து எல்லாருடைய கேள்விக்கும் பதில் சொல்லும் நிலை வராது. வைத்தியர் இன்னும் நாள் வேண்டும் என்றால் வெட்கத்துக்காகத் திரும்பிப் போகாதீர்கள். சுகம் வந்துவிட்டது என்றால் மிச்ச நாளை அவரோடு கதைத்துக் குறைத்துக் கொள்ளுங்கள்.

வேலை தொடங்கிய பிறகு பின்னேர நடையை நிறுத்திவிடுவதும், மருந்தைச் சொல்லாமல் கொள்ளாமல் விடுவதும்தான் அதிகம் நடக்கிறது. முதல் மாதத்துக்காவது நடக்கும் நேரத்தைக் கலண்டரில் குறித்து வையுங்கள், அடுத்த கிளினிக் திகதிக்கு அரை நாள் லீவை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.